எக்ஸ்சேஞ்சுக்கு முந்திக் கேளுங்கோ

இந்த முறை வந்த கடிதங்களில பாதிக்கு மேல வீடு வாங்குற கதைதான். சொலிசிட்டர் ஒபிசில கனகாலம் பைல் தூக்கின ஆள் எண்டபடியால எனக்கும் இது பிடிச்ச விசயம். தலைப்பில இருக்கிற எக்ஸ்சேஞ்ச் எண்டது, வாங்குறவரும் விக்கிறவரும் கையெழுத்து வைச்ச கொன்றாக்டை மாத்திக்கொள்ளுறது, அதோடதான் ரெண்டு பேரும் கட்டுப்படுகினம். முதலே ஒண்டு, நான் சொல்றது இங்கிலாந்து நடைமுறை, வேல்ஸில வரி வேற, ஸ்கொட்லாந்தில வீடு வாங்குற முறையே வேற, அங்க இருக்கிறவை இதை வாசிச்சுக் குழம்பாதையுங்கோ.

கேள்வி: அக்கா, டூட்டிங்கில ஒரு பிளாட் பார்த்து நல்லாப் பிடிச்சுப்போட்டுது. லீஸ் 78 வருசம் இருக்காம். "உங்கட காலத்துக்குப் போதும், வேணுமெண்டா பிறகு நீட்டலாம்" எண்டு ஏஜென்ட் சொல்றார். வாங்கலாமோ?

பதில்: ஏஜென்ட் விக்கிறவரின்ர ஆள் தங்கச்சி, அவருக்குக் கொமிசன் குடுக்கிறது நீங்கள் இல்லை. லீஸ் எண்டது பிளாட்டை வைச்சிருக்க உங்களுக்கு இருக்கிற காலம். 78 வருசம் உங்கட காலத்துக்குப் போதும்தான், ஆனா நீங்கள் 10 வருசத்தால விக்கேக்கை அது 68, அதை வாங்க வாறவருக்கு பாங்க் மோர்கேஜ் குடுக்குமோ எண்டதுதான் கேள்வி. அதோட 80 எண்டது சும்மா ஒரு நம்பர் இல்லை. லீஸ் 80க்குக் கீழ இறங்கிட்டா, நீட்டேக்கை 'மேரேஜ் வேல்யூ' எண்டு ஒண்டு வந்து சேரும். கலியாணத்துக்கும் இதுக்கும் சம்மந்தமில்லை, ஆனா சீதனம் மாதிரித்தான், குடுக்கிறது நீங்கள். லீஸை நீட்டினதால பிளாட்டின்ர பெறுமதி கூடுதெல்லோ, அந்தக் கூடின பங்கில பாதியை பிரீஹோல்டருக்கு, அதாவது நிலத்தின்ர சொந்தக்காரருக்கு, குடுக்க வேணும். 2024ல வந்த சட்டத்தில இதைத் தூக்கிறம் எண்டு போட்டிருக்கினம்தான், ஆனா சட்டம் பாஸ் ஆன உடனே அந்தப் பகுதி நடைமுறைக்கு வரேல்லை, அதை நம்பிக் கணக்குப் போடாதையுங்கோ.

நடைமுறைக்கு வந்த நல்ல விசயம் ஒண்டு இருக்கு. முந்தி பிளாட்டை வாங்கி 2 வருசம் இருந்தால்தான் லீஸை நீட்டச் சொல்லிக் கேக்கலாம், 2025 ஜனவரி 31 தொடக்கம் அந்த 2 வருசம் இல்லை. ஆனா வீடு, காணிச் சொந்தக்காரரைப் பதியிற லாண்ட் ரெஜிஸ்ட்ரியில உங்கட பேர் பதிஞ்சிருக்க வேணும், அதுக்கு மாதக்கணக்காகவும் இழுக்கும், அந்த நேரத்தில லீஸ் குறைஞ்சுகொண்டுதான் போகும். அதால விக்கிறவரையே லீஸ் நீட்டுற நோட்டீஸைக் குடுக்கச் சொல்லி, கொம்ப்ளீசன் அண்டைக்கு, அதாவது மிச்சக் காசைக் கட்டி வீடு கைமாறுற நாளில, அந்த உரிமையை உங்கட பேருக்கு மாத்தி எழுதி வாங்கலாம், இது பழைய வழிதான், இப்பவும் ஓடுது. 1993ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ நீட்டினா இருக்கிறதோட 90 வருசம் கூடும், நிலத்துக்குக் கட்டுற 'கிரவுண்ட் ரெண்ட்' வாடகையும் ஒண்டுமில்லாமப் போகும். எவ்வளவு செலவு வரும் எண்டு ஒரு சர்வேயரிட்ட கேட்டு, அந்தக் காசை விலையில குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ. கேக்க வெக்கப்பட்டா அந்தக் காசு உங்கட பொக்கற்றில இருந்துதான் போகும்.

கேள்வி: ஈஸ்ட்ஹாமில வீட்டுக்காரர் எங்கட ஓபரை ஏத்துக்கொண்டு கைகுடுத்தவர். 6 கிழமை கழிச்சு வேற ஆள் 15,000 பவுண்ஸ் கூடத் தாறாராம் எண்டு எங்களை விட்டுட்டார். சர்வே காசும் போச்சு. கேஸ் போடலாமோ?

பதில்: ஏலாது அண்ணா. காணி, வீட்டுக் கொன்றாக்ட் எழுத்தில இருக்க வேணும் எண்டு 1989ம் ஆண்டுச் சட்டம், கைகுடுத்ததுக்கு ஒரு மதிப்பும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரைக்கும் அவரும் போகலாம் நீங்களும் போகலாம், ஆன பிறகு நீங்கள் பின்வாங்கினா வழமையா 10 வீத டிப்பொசிட் போயிடும். அடுத்த முறை ஓபரை ஏத்த உடனே வீட்டை மார்க்கெட்டில இருந்து எடுக்கச் சொல்லி எழுத்தில கேளுங்கோ, அதுவும் கட்டுப்படுத்தாது, ஆனா மனுசருக்குக் கொஞ்சம் கூச்சமாவது வரும்.

கேள்வி: ஹரோவில வீடு வாங்குறம். டிப்பொசிட்டில கொஞ்சம் சீட்டு எடுத்த காசு, கொஞ்சம் அப்பா ஊரில காணி வித்து அனுப்பினது, மிச்சம் மச்சான் கையில தந்த காசு. சொலிசிட்டர் ஒவ்வொண்டுக்கும் ப்ரூவ் கேட்டுக் கரைச்சல் குடுக்கிறார். எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கிறாரோ?

பதில்: எல்லாரும் கோவத்தோட எழுதுற கேள்வி இது. அவர் உங்களை ஒண்டும் நினைக்கேல்லை, 2017ம் ஆண்டு மணி லோண்டரிங் விதிகளின்படி காசு எங்கயிருந்து வந்தது எண்டு பாத்தே ஆகவேணும், பாக்காட்டி அவருக்குத்தான் பிரச்சினை. காணி வித்த காசு லேசு: காணி உறுதி, வித்த ஒப்பந்தம், அப்பாவின்ர பாங்கில காசு விழுந்த ஸ்டேட்மென்ட், அங்கயிருந்து இங்க வந்த டிரான்ஸ்பர், தமிழில இருக்கிறதுக்கு மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். பாங்க் இல்லாம ஆள் மூலம் உண்டியலில அனுப்பினா இந்தச் சங்கிலி அறுந்து போகும். அப்பா தந்தது திருப்பித் தரத் தேவையில்லாத அன்பளிப்பு, வீட்டில எனக்குப் பங்கு வேண்டாம் எண்டு அவரிட்ட ஒரு கடிதமும் வேணும்.

சீட்டுத்தான் கஷ்டம். சீட்டுப் பிடிக்கிற அக்கா ரசீது குடுக்கிறேல்லையே. மாதம் மாதம் உங்கட எக்கவுண்டில இருந்து போனதும், மொத்தமா திரும்ப வந்ததும் ஸ்டேட்மென்டில தெரிஞ்சா விளங்கப்படுத்திப் பாக்கலாம், கையில கட்டிக் கையில வாங்கியிருந்தா கன பேர் ஏத்துக்கொள்ள மாட்டினம். அதிலயும் கழிவு விட்டு முந்தியே சீட்டை எடுத்திட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறியள் எண்டால் அது கடன், பாங்குக்கும் சொல்ல வேணும். மச்சானின்ர காசை கையில வாங்கி உங்கட எக்கவுண்டில துண்டு துண்டாப் போடாதையுங்கோ, அதுதான் பாக்கிறவருக்கு முதல் சந்தேகம். அவரின்ர எக்கவுண்டில இருந்து நேராப் போடச் சொல்லுங்கோ, அவரின்ர ஐடியும் ஸ்டேட்மென்டும் கேப்பினம் எண்டு இப்பவே சொல்லி வையுங்கோ, பிறகு கொம்ப்ளீசனுக்கு முதல் நாள் மச்சானோட கோவிக்க வேண்டாம்.

கேள்வி: மேடம், நானும் என் வைஃபும் ஸ்லவ்ல இருக்கோம், இங்க இதுதான் எங்களுக்கு முதல் வீடு, விலை 4 லட்சம் பவுண்ட். சென்னையில என் பேர்ல ஒரு ஃபிளாட் இருக்கு. ஸ்டாம்ப் டியூட்டில ஃபர்ஸ்ட் டைம் பையர் சலுகை கிடைக்கும்ல? இல்லன்னா வைஃப் பேர்ல மட்டும் வாங்கிடலாமா?

பதில்: கிடைக்காது தம்பி. உலகத்தில எங்க வீடு வைச்சிருந்தாலும், முந்தி வைச்சிருந்து வித்திருந்தாலும், நீங்கள் 'முதல் முறை' ஆள் இல்லை. அதை விட மோசம், சென்னை பிளாட்டில உங்கட பங்கு 40,000 பவுண்ஸோ அதுக்கு மேலயோ பெறுமதி எண்டால் இது ரெண்டாவது வீட்டுக் கணக்கு, 2024 அக்டோபர் 31 தொடக்கம் முழு விலைக்கும் 5 வீதம் கூட. 2025 ஏப்ரல் 1 தொடக்கம் இருக்கிற வீதப்படி 4 லட்சத்துக்கு முதல் முறை வாங்குறவர் 5,000 கட்டுவார், சாதாரண ஆள் 10,000, நீங்கள் 30,000. வைஃபின்ர பேரில மட்டும் வாங்கினாலும் தப்பேலாது, சேர்ந்து வாழுற புருசன் பெண்சாதியை இந்தக் கூடுதல் வரிக்கு ஒரே ஆளாத்தான் பாக்கினம். லோயர் கேக்கேக்கை "இங்க வீடு இல்லை" எண்டு மறுமொழி சொல்லித் தப்பலாம் எண்டு சில பேர் நினைக்கினம், வரிப் பாரத்தில லோயர் வைக்கிற கையெழுத்து உங்களுக்காக வைக்கிறது, பிறகு வட்டியும் அபராதமும் உங்களைத்தான் தேடி வரும்.

கேள்வி: பிளாட் வாங்கி 4 மாதம். கூரை திருத்த எங்கட பங்கு 3,800 பவுண்ஸ் எண்டு பில் வந்திருக்கு. கட்ட வேணுமோ அக்கா?

பதில்: வேலைக்கு ஒரு லீஸ்காரருக்கு 250 பவுண்ஸுக்கு மேல வந்தா, செக்சன் 20 எண்டு முதலே நோட்டீஸ் விட்டு, வேலைக்கு எஸ்டிமேட் எடுத்துக் காட்டி, உங்கட கருத்தைக் கேக்க வேணும். கேக்காட்டி, இந்தப் பிணக்குகளைத் தீர்க்கிற டிரிபியூனல் விட்டுக்குடுத்தால் ஒழிய, 250க்கு மேல அறவிட ஏலாது. ஆனா உங்களுக்கு முந்தி இருந்தவருக்கு அந்த நோட்டீஸ் வந்திருக்கலாம். பைலில எல்பிஈ1 எண்டு ஒரு பாரம் இருக்கும், மனேஜிங் ஏஜென்ட் நிரப்பித் தாறது, வரப்போற பெரிய வேலைகள் அதில கேட்டிருக்கும். "இருக்கு" எண்டு எழுதியிருக்க உங்கட ஆள் உங்களுக்குச் சொல்லேல்லை எண்டால் அவரின்ர ஒபிசுக்கு முறைப்பாடு எழுதுங்கோ. "இல்லை" எண்டு இருந்தா அந்தப் பாரத்தோட ஏஜென்டிட்ட போங்கோ.

கேள்வி: சொலிசிட்டரின்ர பாங்க் நம்பர் மாறிட்டுதெண்டு ஈமெயில் வந்திருக்கு, வெள்ளிக்கிழமை கொம்ப்ளீசன். புது நம்பருக்குப் போடவோ?

பதில்: போடாதையுங்கோ! இது கள்ளர் அனுப்பின ஈமெயிலா இருக்கலாம். அந்த ஈமெயிலில இருக்கிற போன் நம்பருக்கும் அடிக்காதையுங்கோ. முதல் நாள் தந்த கடிதத்தில இருக்கிற நம்பருக்கு அடிச்சு, உங்களுக்குத் தெரிஞ்ச குரலோட கதைச்சு, பழைய எக்கவுண்ட் நம்பரை ஒவ்வொரு இலக்கமா வாசிச்சுக் கேளுங்கோ.