மூடுபனிக்குக் கீழே ஒரு விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரும் ஜூலை மாதம் சான் ஹோசேயில் வசிக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறேன். கலிபோர்னியாவின் பாயிண்ட் ரெயஸ் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் 313 படிகள் உண்டு என்கிறார்கள். எனக்கு வயது 64; முழங்கால் வலியும் இருக்கிறது. ஜூலையில் மூடுபனி எதையும் பார்க்க விடாது என்று மருமகனும் தயங்குகிறார். போகலாமா? – வாசகி, சேலம்

பதில்: அவசியம் போய் வாருங்கள் அம்மா. ஆனால் படிகளைப் பற்றி முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போக வேண்டும். எண்ணிக்கையில் அவை திருச்சி மலைக்கோட்டைப் படிகளைவிடக் குறைவுதான். மலைக்கோட்டையில் தெம்பாக இருக்கும்போதே ஏறிவிட்டு, களைத்தபின் இறங்குகிறோம். இங்கேயோ முதலில் இறங்கிவிட்டு, திரும்பும்போதுதான் அத்தனை படிகளையும், பெரும்பாலும் எதிர்க்காற்றில், ஏற வேண்டியிருக்கும். நடுநடுவே உட்கார்ந்து இளைப்பாற இடம் உண்டு. கைப்பிடிக் கம்பியும் உண்டு. அவசரப்படுத்தாத ஒருவர் உடன் வந்தால் போதும். முழங்கால் ஒத்துழைக்காது என்று தோன்றினால் பார்வையாளர் மையத்தை ஒட்டிய மேட்டிலேயே நின்றுவிடுங்கள். விளக்கின் சிவப்புக் கூரையும் அதற்கு அப்பால் விரியும் பசிபிக் கடலும் அங்கிருந்தே தெரியும்.

மூடுபனிக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கப்பல்களைத் திணறடித்த அந்தப் பனிக்காகத்தான் 1870-இல் இந்த விளக்கையே ஏற்றினார்கள். பனி சூழ்ந்த நாளில் வாகன நிறுத்துமிடத்திலிருந்து நடந்து வரும்போது, காற்றால் ஒரே பக்கமாக வளைந்துபோன சைப்ரஸ் மரங்கள் வழியில் நிற்கும். அவற்றின் இலைகளில் படிந்த பனி நீராகி, மழையே பெய்யாத நாளிலும் உங்கள் தோளில் சொட்டும். அந்த ஈரத்தை அனுபவித்தவருக்கு அங்கே விளக்கு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பனியைவிடக் காற்றுதான் தடையாகும். மணிக்கு 40 மைலுக்கு மேல் காற்று வீசினால் படிகளை மூடிவிடுவார்கள். வாரத்தின் எல்லா நாட்களிலும் அது திறந்திருப்பதும் இல்லை. எனவே கிளம்பும் அன்று காலையில் தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சான் ஹோசேயில் வெயில் கொளுத்துகிறதே என்று மெல்லிய சேலையோடு புறப்பட்டுவிட வேண்டாம். காற்றுப் புகாத மேற்சட்டையும் காதை மூடும் குல்லாயும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் கலங்கரை விளக்கம் என்றாலே நெடிதுயர்ந்த கோபுரம்தான். பாயிண்ட் ரெயஸ் விளக்கு வெறும் 37 அடி உயரம் என்றும், அதையும் பாறை உச்சியில் கட்டாமல் பாதிச் சரிவில் கட்டினார்கள் என்றும் படித்தேன். இது தவறல்லவா? மின்சாரம் இல்லாத காலத்தில் அதை எப்படி இயக்கினார்கள்? – கல்லூரி மாணவர், வேதாரண்யம்

பதில்: தவறு இல்லை; அந்தக் கடற்கரையை நன்கு அறிந்தவர்கள் செய்த வேலை அது. உங்கள் ஊர்க் கடற்கரை சமதளமானது. அங்கே விளக்கின் உயரம் முழுவதையும் கோபுரமே தர வேண்டும். பாயிண்ட் ரெயஸிலோ தீபகற்பத்தின் நுனியில் சுமார் 600 அடி உயரப் பாறைமேடு இருக்கிறது. அதன் உச்சியில் விளக்கை வைத்திருந்தால், உயரத்தில் தங்கும் மூடுபனிக்குள் அது மறைந்திருக்கும். ஆகவே பாறையை வெடி வைத்துத் தகர்த்து, ஏறக்குறைய பாதி உயரத்தில் தளம் அமைத்து, பதினாறு பக்கங்கள் கொண்ட இரும்புக் கூண்டாக அதை நிறுத்தினார்கள்.

அதன் உள்ளே இருக்கும் லென்ஸ்தான் இந்த இடத்தின் உயிர். 1867-இல் பிரான்சில் செய்யப்பட்ட முதல்தர ஃப்ரெனெல் லென்ஸ் அது; அதாவது, பல கண்ணாடிப் பட்டகங்களை அடுக்கி ஒளியைக் குவிக்கும், அளவில் பெரிய வகை லென்ஸ். தென் அமெரிக்க முனையைச் சுற்றிக் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தது. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். சுடர் நிலையாகவே எரிந்தது; சுழன்றது லென்ஸ். அதில் 24 செங்குத்துப் பலகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒளியை ஒரு கற்றையாகக் குவித்து அனுப்ப, இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் லென்ஸ் சுழன்றதால், கடலில் இருந்த மாலுமிக்கு ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஒளி வீசியது.

சுழற்றியது ஒரு கடிகாரப் பொறி. 170 பவுண்டு எடைக்கல் மெல்ல மெல்லக் கீழிறங்க, அதன் இழுவையில் பற்சக்கரங்கள் ஓடின. இரண்டு மணி இருபது நிமிடத்தில் கல் அடியைத் தொட்டுவிடும். விளக்குக் காவலர் சாவி கொடுத்து அதை மீண்டும் மேலேற்ற வேண்டும். இடையில் எண்ணெய் ஊற்ற வேண்டும், திரி நறுக்க வேண்டும், புகை படிந்த கண்ணாடியைத் துடைக்க வேண்டும். தலைமைக் காவலரும் மூன்று உதவியாளர்களும் முறை வைத்து இதைச் செய்தார்கள். தனிமையும் காற்றின் ஓலமும் மனத்தையே குலைக்கக்கூடியவை. உதவியாளர் ஒருவருக்குச் சித்தம் கலங்கி, அவரை ஒலீமா என்ற ஊரின் போலீஸ்காரரிடம் ஒப்படைத்ததாக 1889-ஆம் ஆண்டின் பணிக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கண்ணாடியின் பளபளப்பைப் பார்க்கும்போது, அதைத் துடைத்த கைகளை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1906 ஏப்ரல் 18 அன்று காலை 5.12 மணிக்கு சான் பிரான்சிஸ்கோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் வந்தபோது, சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கு (இரு நிலத்தட்டுகள் உரசும் நீண்ட விரிசலுக்கு) மேற்கே உள்ள இந்தத் தீபகற்பமே ஒரு நிமிடத்துக்குள் வடக்கு நோக்கிச் சுமார் 20 அடி நகர்ந்தது. லென்ஸ் தடத்தை விட்டு விலகியது. அன்று விளக்கை அணைக்க வேண்டிய நேரம் 5.25. பகலிலேயே காவலர்கள் லென்ஸை மீண்டும் தடத்தில் ஏற்றிவிட்டதால், மாலையில் வழக்கம்போல விளக்கு எரிந்தது. ஆக, அத்தனை பெரிய பேரழிவில் கடலோடிகள் இழந்த வெளிச்சம் 13 நிமிடங்கள் மட்டுமே.

1938-இல் மின்சாரம் வந்தது. 1975-இல் பழைய லென்ஸுக்கு ஓய்வு கொடுத்து, அருகிலேயே தானியங்கி விளக்கைப் பொருத்தினார்கள். 2019-இல் சீரமைப்பு முடிந்தபின் லென்ஸ் பொலிவோடு இருக்கிறது.

கேள்வி: திமிங்கிலங்களையும் சேர்த்துப் பார்க்க எந்த மாதம் ஏற்றது? – வாசகர், மதுரை

பதில்: ஜனவரி நடுவிலும் மார்ச் நடுவிலும். அலாஸ்கா பக்கத்துச் சாம்பல் திமிங்கிலங்கள் குட்டி ஈனுவதற்காக மெக்சிகோவின் பாஹா கடற்கழிகளுக்குச் செல்வது முதல் காலம், திரும்புவது இரண்டாவது. குட்டியோடு வரும் தாய்கள் கரையை ஒட்டியே நீந்துவதால், ஏப்ரல் இறுதியிலும் அவற்றைப் பார்க்க வாய்ப்பு உண்டு. முதலில் கண்ணில் படுவது உடல் அல்ல, நீர்ப்பரப்பின் மேல் எழும் வெண்புகை போன்ற மூச்சு. ஒரு தொலைநோக்கியும், பொறுமையாக ஒரு மணி நேரமும் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கருகே உணவகம் கிடையாது. சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போவது நல்லது.