கேள்வி-பதில்: எல்லோருக்கும் மாதாமாதம் பணம், கட்டுப்படியாகுமா?

மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வருகிறது. ‘அனைவருக்கும் அடிப்படை வருமானம்’ என்று பேசுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
– வாசகி, ஈரோடு

அக்காள் தங்கை முறை என்று சொல்லலாம், ஒரே ஆள் இல்லை. அடிப்படை வருமானம் என்றால் ஆளுக்கு ஆள் தனித்தனியாக, நிபந்தனை ஏதும் இல்லாமல், ரொக்கமாக, தவணை தவறாமல் வர வேண்டும். 2023 செப்டம்பர் 15-இல் உரிமைத் தொகை தொடங்கியபோதே அதில் ஒரு வடிகட்டி இருந்தது: குடும்பத்துக்கு ஒரு பெண், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர். வடிகட்டி வைத்தாலே, கிடைக்க வேண்டியவர் சிலர் வெளியே நிற்பார்கள், கிடைக்கக் கூடாதவர் சிலர் உள்ளே வந்துவிடுவார்கள். அந்த வகையில் பார்த்தால், வருமானம் பார்க்காமல் போடும் நம் ரேஷன் அரிசிதான் அடிப்படை வருமானக் கொள்கைக்கு இன்னும் நெருக்கம்.

சும்மா பணம் கொடுத்தால் யார் வேலைக்குப் போவார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கொடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம்.

மத்தியப் பிரதேசத்தில் 2011-12-இல் ‘சேவா’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெப் உதவியுடன் எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் கொடுத்தது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைக்கு 100. பிறகு அது 300, 150 ஆனது. பிள்ளைகளின் பங்கு அம்மா கையில் போனது. ஆட்கள் வேலையை விடவில்லை, வேலையை மாற்றிக்கொண்டார்கள்: அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போவது குறைந்து, சொந்த நிலத்தில் பாடுபடுவது கூடியது. கையில் 200 ரூபாய் இருந்தால் விதைக்கும் உரத்துக்கும் வட்டிக்காரரிடம் போக வேண்டாம், அவ்வளவுதான் ரகசியம்.

பின்லாந்தில் 2017, 2018 இரண்டு ஆண்டுகள், வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தார்கள். வேலை கிடைத்தாலும் பணம் நிற்காது. இரண்டாம் ஆண்டுக் கணக்கில் அவர்கள், இந்தப் பணம் பெறாத மற்ற வேலையில்லாதவர்களைவிடச் சராசரியாக ஆறு நாள் கூடுதலாக வேலை செய்திருந்தார்கள். நடுவில் அரசு வேறொரு விதியையும் கொண்டுவந்துவிட்டதால் இந்த ஆறு நாளை ரொம்பப் பெரிதாக்கக் கூடாது.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. அமெரிக்காவில் டெக்சஸ், இல்லினாய் மாநிலங்களில் ஆயிரம் பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்த ஆய்வில், வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் வேலை குறைந்தது. குறைந்தது உண்மை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

ஆளுக்கு ஆயிரம் கொடுக்க அரசிடம் பணம் ஏது?
– வாசகர், மதுரை

சரியான கேள்வி. ஆயிரத்தைப் பன்னிரண்டாலும் 140 கோடியாலும் பெருக்குங்கள்: 16.8 லட்சம் கோடி ரூபாய். 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவே சுமார் 50.65 லட்சம் கோடி. மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். பிள்ளைகளுக்குப் பாதி என்று வைத்தாலும் 14 லட்சம் கோடிக்கு மேல்.

அதனால்தான் மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ஆண்டுக்கு 7,620 ரூபாய், அதுவும் மக்களில் 75 சதவீதம் பேருக்கு மட்டும் என்று கணக்குப் போட்டது. அதற்கே நாட்டு உற்பத்தியில் 4.9 சதவீதம் தேவைப்பட்டது. ஏற்கெனவே உள்ள மானியங்களை இதற்காக மடக்க வேண்டும் என்பது அந்த வாதத்தின் மறுபாதி. அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 2,540 ரூபாய் வரும், சரி. 20 கிலோ ரேஷன் அரிசியை நிறுத்தினால், வெளியில் கிலோ 45 என்றாலும் 900 போய்விடும்.

வரி போட்டுத் திரும்ப வாங்கலாமே என்பார்கள். லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கு ஆயிரம் கொடுத்து, வருமான வரியில் ஆயிரத்தைக் கூட்டிவிட்டால் நிகரச் செலவு பூஜ்யம். பணக்கார நாடுகளில் இது ஓடும். இங்கே சம்பாதிப்பவர்களில் பெரும்பாலோர் வருமான வரி வளையத்துக்கே வராதவர்கள். மிச்சம் இருப்பது பொருள் மீதான வரி. உதாரணத்துக்கு 3 சதவீதம் கூட்டினால், மாதம் 10,000 செலவழிக்கும் நான்கு பேர் குடும்பம் 300 கட்டி 4,000 வாங்கும், 2 லட்சம் செலவழிக்கும் குடும்பம் 6,000 கட்டி 4,000 வாங்கும். ஏழைக்கு லாபம்தான். ஆனால் 3 சதவீதத்தில் 16.8 லட்சம் கோடியில் பாதிகூடத் தேறாது.

எல்லோர் கையிலும் பணம் புரண்டால் விலைவாசி ஏறாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

நோட்டு அடித்துக் கொடுத்தால் ஏறும். வரியாக வாங்கியதைக் கொடுத்தால் ஒருவர் செலவு இன்னொருவர் கைக்கு மாறுகிறது, அவ்வளவே. நான் அதைவிடப் பயப்படுவது, வேறு காரணத்தால் விலை ஏறும்போது தொகை அப்படியே கிடப்பதைத்தான். ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டி, ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுக்கத் தொடங்கியது. அப்போது அது 45 டாலர் பெறும். தொகையை விலைவாசியோடு கட்டவில்லை. 2019 வாக்கில், சந்தை விலையில் அதே ரியாலுக்குக் கிடைத்தது 4 டாலர் அளவுதான். எந்தக் கட்சி வாக்குறுதி தந்தாலும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், ஆண்டுதோறும் எதை வைத்து உயரும் என்று கேளுங்கள்.

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன், மாதம் 18,000. துணியைத் தானே வெட்டும் ஆட்டோ கட்டர் மிஷின் இறங்கிவிட்டது. இந்தத் திட்டம் வந்தால் எனக்கு உதவுமா?
– வாசகர், திருப்பூர்

நேராகச் சொன்னால், பெரிதாக உதவாது. போவது 18,000, வருவது ஆயிரம். மிஷின் வேலையைப் பறிக்கும்போது முதலில் தேவை, இழந்த சம்பளத்துக்கு ஏற்ற இடைக்கால உதவி. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது, ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ என்று பெயர். வேலை போனால் சராசரி நாள் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு முறை. உங்கள் கணக்கில் நாளுக்கு 300 வீதம் 27,000 ரூபாய். எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டிருந்தால் கிடையாது. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இந்த வழி அடைபட்டுவிடும்.

அரசு உதவிப் பணம் அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள், என் கணக்கில் இல்லை. ஏன்?
– வாசகி, விழுப்புரம்

ஆதார் வழியாக அனுப்பும் பணம், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை உதவிப் பணத்துக்காக இணைத்தீர்களோ அங்கே போகும். நகைக்கடனுக்காக வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி, படிவத்தில் ஆதார் இணைப்புக்கான கட்டத்தில் டிக் அடித்திருந்தால் பணம் அங்கே கிடக்கும். ‘மை ஆதார்’ தளத்தில் நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் வங்கியின் பெயரும், இணைப்பு செயலில் இருக்கிறதா என்பதும் தெரியும். செயலில் இல்லை என்று வந்தால், கிளைக்குப் போய் கே.ஒய்.சி. என்ற அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பித்து, ஆதார் இணைப்புப் படிவத்தைத் தனியாகக் கொடுங்கள். ‘ஆதார் ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன்’ என்று திரும்பி வந்துவிடாதீர்கள். அடையாளத்துக்குக் கொடுத்தது வேறு, பணம் வாங்க இணைப்பது வேறு.