போன ஆண்டு சுற்றுலாவின் கடனே இன்னும் அடையவில்லையே!

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள். போன ஜூனில் ஊரிலிருந்து வந்த உறவினர்களை மூன்று நாள் வெளியூர் கூட்டிப்போன வகையில் கிரெடிட் கார்டில் 2,100 பவுண்ட் ஏறியது. வட்டி 25%. தவறாமல் குறைந்தபட்சத் தொகை கட்டியும் இன்னும் 1,860 நிற்கிறது. வரும் ஆகஸ்டில் மதுரையிலிருந்து மாமனார், மாமியார், மைத்துனர், அவர் மனைவி, பத்து வயது மகன் வருகிறார்கள். மைத்துனர் வாட்ஸ்அப்பில் பட்டியலே அனுப்பிவிட்டார்: ஸ்டோன்ஹெஞ்ச், பாத், விண்ட்சர், ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், முடிந்தால் ஒருநாள் பாரிஸ். விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் கோச் டூருக்குப் பெரியவர்களுக்கு 95, குழந்தைகளுக்கு 85 பவுண்ட், நுழைவுச்சீட்டு தனி என்கிறார்கள். மூன்று தவணையில் கட்டலாமாம். எந்த ஊர்களைத் தேர்ந்தெடுப்பது? எந்த ரயில் கார்டு (கட்டணத் தள்ளுபடி அட்டை) வாங்குவது? மனைவி வீட்டார் என்பதால் பணம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: ஊர்களுக்கு வருவோம். முதலில் அந்த 'தவறாமல் குறைந்தபட்சத் தொகை' என்ற வரி. அதை நல்ல பழக்கம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கலே அதுதான்.

பெரும்பாலான கார்டுகளில் குறைந்தபட்சத் தொகை என்பது அந்த மாத வட்டியும் அசலில் 1 சதவீதமும். 2,100 பவுண்டுக்கு முதல் மாத வட்டி ஏறக்குறைய 44, அசல் 21, ஆக 65 கட்டியிருப்பீர்கள். பன்னிரண்டு மாதத்தில் கையை விட்டுப் போனது சுமார் 730. கடன் குறைந்தது 240 மட்டும். மீதி 490 வட்டி. இப்போதும் மாதம் 39 பவுண்ட் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இதன் மேல் இன்னொரு கோடையை ஏற்றினால், அடுத்த ஆண்டு எனக்கு 3,500 பவுண்ட் என்று எழுதுவீர்கள்.

கோச் டூரின் கணக்கு: ஆறு பெரியவர்களுக்கு 570, இரண்டு குழந்தைகளுக்கு 170, மொத்தம் 740. வாங்குவது என்ன? விண்ட்சருக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து ஸ்டோன்ஹெஞ்சுக்கு ஒன்றரை, பாத்துக்கு மேலும் ஒன்று, திரும்ப லண்டனுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஆறு மணி நேரம் பஸ்ஸுக்குள்ளேயே போய்விடும். மாமனாரும் மாமியாரும் ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, கழிப்பறையைத் தேடி, ஒரு படம் எடுத்து, மறுபடி ஏறுவார்கள். நுழைவுச்சீட்டு வேறு தனி. மூன்று தவணை வசதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாதம் 247 பவுண்டை எந்தக் கார்டிலிருந்து எடுப்பார்கள்? அதே 25% கார்டிலிருந்துதானே. வட்டியில்லாத் தவணை அங்கே வந்ததும் வட்டியுள்ள கடனாகிவிடும்.

ரயிலுக்கு வருவோம். எந்த ரயில் கார்டு என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டுப் பேர் சேர்ந்து போகும் நாட்களுக்கு எதுவும் வேண்டாம். 'குரூப்சேவ்' என்ற சலுகை இருக்கிறது. மூன்று முதல் ஒன்பது பேர் வரை ஒன்றாகவே போய்வந்தால், கூட்டமில்லா நேரச் சீட்டில் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. இதற்குக் கார்டும் கிடையாது, கட்டணமும் கிடையாது. லண்டனைச் சுற்றியுள்ள பெரும்பாலான ரயில் நிறுவனங்களில் உண்டு. ஆக்ஸ்போர்டுக்குப் போக வர ஒருவருக்கு 33 பவுண்ட் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் நாளில் உண்மையான கட்டணத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆறு பெரியவர்களுக்குத் தள்ளுபடி போக 132, இரண்டு குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம் 33, ஆக 165. ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் கார்டு நாலு பெரியவர்கள், நாலு குழந்தைகளுக்குத்தான் செல்லும். மீதி இருவருக்கு முழுக் கட்டணம் சேர்த்தால் 180 ஆகிவிடும், கார்டுக்கு 35 தனி. அறுபது தாண்டியவர்களுக்கான சீனியர் கார்டைப் பாஸ்போர்ட்டைக் காட்டி வெளிநாட்டவரும் வாங்கலாம்தான், ஆனால் இரண்டு பயணத்துக்குக் கட்டுப்படியாகாது.

போன ஆண்டு வட்டியாகவே போன 490 பவுண்டில் இந்த எட்டுப் பேரும் கிட்டத்தட்ட மூன்று முறை ஆக்ஸ்போர்ட் போய்வரலாம்.

பலர் பணத்தை விடுவது நேரத்தில். வார நாளில் காலை எட்டே முக்காலுக்கு மெஷினில் சீட்டு எடுத்தால் 'எனிடைம்' (எந்த நேரத்திலும் செல்லும் சீட்டு) விலை விழும்; குரூப்சேவும் செல்லாது. ஒன்பதரைக்குப் பிறகு புறப்படுங்கள், அல்லது சனிக்கிழமை போங்கள். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். முந்தின வாரமே பாருங்கள். சீட்டை ரயில் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே எடுத்தால் முன்பதிவுக் கட்டணமும் மிச்சம்.

இனி ஊர்கள். ஆக்ஸ்போர்ட் ஒன்று போதும். அதைப் பார்த்தவருக்கு அதே கோடையில் கேம்பிரிட்ஜும் தேவையில்லை. பாடிங்டனிலிருந்து ஒரு மணி நேரம். ஆஷ்மோலியன், பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகங்கள் இலவசம். பணம் கேட்கும் கல்லூரி ஒன்றே ஒன்று பார்த்தால் போதும். இரண்டாவது விண்ட்சர், வாட்டர்லூவிலிருந்து நேர் ரயிலில். எட்டுப் பேருக்கும் ரயில் 100 பவுண்டுக்குள் அடங்கும். கோட்டைச் சீட்டுதான் 200-ஐத் தாண்டும். செவ்வாய், புதன் கோட்டை மூடியிருக்கும். ஞாயிறு செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். வியாழன், வெள்ளி, சனி, திங்களில் ஒன்றைப் பிடியுங்கள். சீட்டை அதை விற்கும் ராயல் கலெக்ஷன் டிரஸ்டிடம் நேரடியாக வாங்கினால் அதையே ஓராண்டு பாஸாக மாற்றிக்கொள்ளலாம். டூர் கம்பெனியிடம் வாங்கிய சீட்டுக்கு இது கிடையாது. ஊரில் இருந்து ஆள் வருவது நிற்கப்போவதில்லை. ஓராண்டுக்குள் அடுத்தவர்களைக் கூட்டிப்போகும்போது உங்கள் மூவருக்கும் கோட்டைச் சீட்டுச் செலவு இல்லை. மூன்றாவது நாள் கிரீனிச். கடல்சார் அருங்காட்சியகம் இலவசம்; பதினொரு வயதுக்குள்ளானவர்கள் டியூபிலும் பஸ்ஸிலும் பெரியவர்களோடு இலவசமாகப் போகலாம். சிட்டி பாஸ் வேண்டாம். ஒரே நாளில் மூன்று நாலு கட்டண இடங்களுக்கு ஓடினால்தான் அதில் லாபம். வயதானவர்களோடு அது நடக்காது.

ஸ்டோன்ஹெஞ்ச் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்: வாட்டர்லூவிலிருந்து சால்ஸ்பரிக்கு ஒன்றரை மணி நேரம், பிறகு பஸ். கல்லருகே போக முடியாது, சுற்றுப்பாதையில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாத் அடுத்த முறைக்கு. பாரிஸுக்கு இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும், பிரிட்டன் விசிட் விசா அங்கே செல்லாது. பொதுவாக அதை இந்தியாவிலேயே விண்ணப்பித்து வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். மைத்துனரிடம் இன்றே சொல்லுங்கள்.

ஆக, மூன்று நாள் போக்குவரத்து சுமார் 300 பவுண்ட். ஜூனிலும் ஜூலையிலும் 150 வீதம் தனிக் கணக்கில் போடுங்கள். அந்தப் பணத்தில்தான் ரயில். மதியச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். எட்டுப் பேர் வெளியே உட்கார்ந்தால் ஒரு வேளைக்கே 120 ஆகும். நுழைவுச்சீட்டு விருந்தினர் பொறுப்பு. கூச்சம் என்கிறீர்கள், உங்கள் மனைவி அண்ணனிடம் பேசட்டும். “ரயிலும் சாப்பாடும் எங்க செலவு, கோட்டை டிக்கெட்டை நீங்களே போட்டுடுங்கண்ணா, லிங்க் அனுப்புறேன்” என்றால் போதும். ஐந்து பேருக்கு விமானச் சீட்டு எடுத்தவருக்கு அது பாரமாக இருக்காது.

பழைய 1,860-ஐ 0% பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டுக்கு (வேறு கார்டின் கடனைக் குறிப்பிட்ட காலம் வட்டியில்லாமல் ஏற்கும் கார்டு) மாற்றுங்கள். விண்ணப்பிக்கும் முன் தகுதிச் சோதனை செய்யுங்கள், அது கிரெடிட் ஸ்கோரைப் பாதிக்காது. 3% கட்டணம் என்றால் கடன் 1,916 ஆகும். 18 மாதம் 0% கிடைத்தால் ரயிலுக்குச் சேர்க்கும் முதல் இரண்டு மாதம் குறைந்தபட்சம் கட்டிவிட்டு, பிறகு மாதம் 120 வீதம் கட்டினால் அந்த 18 மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். டைரக்ட் டெபிட் போடுங்கள்; ஒரு மாதம் தவறினாலும் 0% பறிபோகலாம். அந்தக் கார்டில் எதுவும் வாங்காதீர்கள், புதுச் செலவுக்கு வட்டி இருக்கக்கூடும். பழைய கார்டை டிராயரில் பூட்டினால் போதாது, கணக்கையே மூடுங்கள்.

மைத்துனர் இங்கே தன் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் ரூபாயா பவுண்டா என்று கேட்டால், பவுண்டையே அழுத்தச் சொல்லுங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கடைக்காரர் பக்கம் ஒரு லாபம் வைத்துவிடுவார்கள்.