மான் படம் எடுக்கப் பெர்மிட்டா? அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். கூட வேலை செய்யும் ஒருவர் வார இறுதிகளில் மான் ஸ்டாக்கிங், அதாவது மறைந்து பின்தொடர்ந்து மான் வேட்டைக்கு, போகிறவர். கையில் துப்பாக்கி இருந்தாலும், மதியச் சாப்பாட்டின்போது அவர் எனக்குக் காட்டுவதெல்லாம் போனில் எடுத்த மான் வீடியோக்கள்தான். "சுட்ட நாளைவிடச் சும்மா பார்த்துவிட்டு வந்த நாள்தான் அதிகம், அதுதான் சுகம்" என்கிறார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. சுடுவதில் விருப்பமில்லை, படம் எடுத்தால் போதும். ஸ்காட்லாந்தில் இரண்டு நாள், "காட்டுக் கலைமான் (கொம்புள்ள ஆண் மான்) உத்தரவாதம்" என்று ஒரு ஏஜென்ட் 480 பவுண்டு கேட்கிறார். அதில் 120 பவுண்டு படமெடுக்கும் பெர்மிட்டுக்காம். கட்டலாமா? எந்த மாதம் போகலாம்?

பதில்: கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம், அந்த 120 பவுண்டை நிச்சயம் கட்டாதீர்கள்.

பிரிட்டனில் காட்டில் திரியும் மானுக்குச் சட்டப்படி உரிமையாளர் யாரும் கிடையாது. நிலத்துக்காரருக்கு இருப்பது, தன் நிலத்தில் அதைச் சுடும் உரிமை மட்டுமே. உயிரோடு நிற்கும் மானைப் பார்க்கவோ படம் எடுக்கவோ அரசாங்கம் பெர்மிட் எதுவும் கொடுப்பதில்லை. இலவச தரிசன வரிசைக்கு டோக்கன் விற்பவர் மாதிரிதான் உங்கள் ஏஜென்ட்.

அவர் அழைத்துப் போவதாகச் சொல்வதோ ஸ்காட்லாந்து! அங்கே 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி மலை, காடு, புல்வெளி எங்கும் பொறுப்போடு நடந்து போக எல்லோருக்கும் உரிமை உண்டு. தனியார் எஸ்டேட்டாக இருந்தாலும் சரி, இரவாக இருந்தாலும் சரி. படத்தை விற்றுச் சம்பாதிக்கும் தொழில்முறைப் புகைப்படக்காரருக்கும் அந்த உரிமை பொருந்தும். வீடுகளை ஒட்டிய தோட்டத்துக்குள் போகக் கூடாது, கார் ஓட்டிக்கொண்டு மலைக்குள் நுழையக் கூடாது, வேட்டையாடக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் ஆசைப்படும் காட்சி சரியாக இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. ரெட் டீர் எனப்படும் செம்மான்கள் இணைசேரும் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முழுக்க நடக்கும். கலைமான் கழுத்தை நீட்டி உறுமுவதும் கொம்போடு கொம்பு மோதுவதும் அப்போதுதான். ஆனால் எஸ்டேட்டுகளில் கலைமான் வேட்டை மும்முரமாக நடப்பதும் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 20 வரைதான். 2023இல் ஸ்காட்லாந்தில் ஆண் மானுக்கான தடைக்காலத்தையே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் எஸ்டேட்டுகளின் வழக்கம் பெரிதாக மாறவில்லை. 20ஆம் தேதி முடிந்தால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். 21ஆம் தேதியிலிருந்து பிப்ரவரி 15 வரை பெண் மான்களைச் சுடும் காலம். அப்படியானால் எப்போது போவது? ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்து மலைகளில் ஞாயிறு அன்று பொதுவாக வேட்டைக்குப் போக மாட்டார்கள், அது பழைய வழக்கம். மற்ற நாட்களில் மலையடிவாரத்தில் எஸ்டேட் வைத்திருக்கும் அறிவிப்பைப் படியுங்கள், அல்லது முந்தின நாளே போன் செய்து எந்தப் பக்கம் போகலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் மரியாதையாகவே சொல்வார்கள். அந்த போன் காலுக்கு 120 பவுண்டு ஆகாது.

இங்கிலாந்தில் இந்த வசதி இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டுநிலம், புதர்வெளி, பொதுநிலம் என்று நாட்டில் சுமார் 8 சதவீத நிலத்தைத்தான் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. மான் இருப்பதோ மரக்காட்டில். அந்த மரக்காட்டைப் பொதுவாகச் சட்டத்திலிருந்து விட்டுவிட்டார்கள்! மொட்டை மேட்டில் தாராளமாக நடக்கலாம், மான் படுத்திருக்கும் தோப்புக்குள் கால் வைத்தால் அத்துமீறல். இருபது வருடத்துக்கு மேலாகியும் இதைச் சரிசெய்ய யாருக்கும் மனசு வரவில்லை. அரசு வனத்துறையின் காடுகள் பல திறந்திருக்கின்றன, பொது நடைபாதைகள் உண்டு. மற்றபடி நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டே ஆக வேண்டும்.

அடுத்து அந்த "உத்தரவாதம்". காட்டு மானுக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கொடுக்கிறார் என்றால் மான் எங்கேயோ அடைபட்டிருக்கிறது. பண்ணையிலோ வேலி போட்ட பூங்காவிலோ நிறுத்திப் படம் எடுக்கவைத்து, காட்டு மான் என்று அனுப்பிவிடுவார்கள். காதில் பிளாஸ்டிக் அட்டை தொங்குகிறதா, வைக்கோல் தொட்டி இருக்கிறதா, முப்பதடி தூரத்தில் மனிதன் நின்றும் மான் மேய்ந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். உயரமான வேலியை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம், மரக்கன்றுகளை மான் தின்னாமலிருக்கவும் வேலி போடுவது உண்டு. நல்ல வழிகாட்டிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கும் கூலி நியாயமானதே. அவர்கள் பேசும் விதத்திலேயே தெரிந்துவிடும்: "பார்க்கலாம், காற்றைப் பொறுத்தது" என்பார்கள். கட்டுவதாக இருந்தால் கிரெடிட் கார்டில், நேராக அந்த வழிகாட்டிக்கே கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, சொன்னபடி நடக்காவிட்டால் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. நடுவில் ஏஜென்ட் புகுந்தால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகக்கூடும்.

உண்மையில் உங்களுக்கு ஏஜென்ட் எதற்கு? பக்கத்து மேஜையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே. மானை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு சுடவும் செய்கிறவரா என்று உங்களுக்கு ஒரு நெருடல் இருக்கலாம். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றாலே போலீஸ் கேஸ். இங்கே நிலைமை வேறு. ஓநாயும் லின்க்ஸ் பூனையும் எப்போதோ அழிந்துவிட்டன, மானைக் குறைக்க வேறு வேட்டைவிலங்கு இல்லை. அந்த விவாதத்தை இங்கே நீட்ட வேண்டாம். உங்களுக்குத் தேவையானது அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை: மான் பார்க்காமல் மானைப் பார்ப்பது.

அவர் பையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி இருக்கும், கேட்டுப் பாருங்கள். வாசனையில்லாத பவுடர் அடைத்தது. பத்து அடிக்கு ஒருமுறை லேசாக அமுக்குவார், புகை எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்ப்பார். காற்று தன் முகத்தில் படுகிற மாதிரிதான் நடப்பார். பிடரியில் பட்டால் அன்றைய வேலை முடிந்தது, மூக்கிலேயே உங்களைத் தெரிந்துகொண்டு மான் போய்விடும். ஆயிரம் பவுண்டு லென்ஸ் வாங்கியவர்கள் இதை மறந்துவிட்டு, காட்டில் மானே இல்லை என்று எழுதுகிறார்கள். உடையைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள், நீல ஜீன்ஸும் சரசரக்கும் ரெயின்கோட்டும் மட்டும் வேண்டாம். மானின் கண்ணுக்கு நீலம் பளிச்சென்று தெரியும்.

முதல் முயற்சிக்குச் செம்மானை விட ரோ மான் நல்லது, லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து வரை ஓட வேண்டியதும் இல்லை. அது இணைசேர்வது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. நண்பர் பீச் மர இலை ஒன்றை உதட்டில் வைத்து, பெண் ரோ மான் போல "பீ... பீ..." என்று மெல்ல ஊதுவார். சில சமயம் ஆண் மான் நேராக ஓடி வந்து நிற்கும். தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடிப்பதுபோல் பாவனை செய்யும், நாம் அசைந்தோமா என்று பார்க்கச் சட்டென்று நிமிரும். ஏமாந்து கேமராவைத் தூக்கினால் போச்சு. ஒரு காது உங்கள் பக்கமும் இன்னொரு காது பின்னாலும் திரும்பியிருப்பது வியூஃபைண்டரில் தெரியும். முன்காலால் தரையைத் தட்டி, நாய் குரைப்பதுபோல் ஒரு குரல் கொடுத்துவிட்டு, பின்புறத்து வெள்ளை விரிய ஓடும். இதற்குத்தான் உங்கள் நண்பர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போகிறார்.

அவரோடு போகும்போது முதலிலேயே ஒன்றைப் பேசிவிடுங்கள்: இன்று கேமராவா, துப்பாக்கியா? இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். துப்பாக்கி நாள் என்றால் எப்போதும் அவருக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும், சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. கேமரா நாள் என்றால் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கை பழகுவதற்கு லண்டனிலேயே இருக்கும் ரிச்மண்ட் பார்க் போதும். சுமார் 630 மான்கள், செம்மானும் ஃபேலோ என்ற இன்னொரு வகை மானும். சுவருக்குள் இருப்பவைதான், காட்டு மான் இல்லை, ஆனால் கொம்பு நிஜம். 50 மீட்டருக்குள் போகாதீர்கள், அக்டோபரில் இன்னும் தள்ளியே நில்லுங்கள். ட்ரோன் அங்கே தடை. திறந்த மலையிலும் ட்ரோனை மறந்துவிடுங்கள், மிரண்டு ஓடும் மந்தையைப் படம் எடுப்பதில் என்ன சுகம்? மே, ஜூனில் புல்லுக்குள் தனியாக ஒரு குட்டி படுத்திருந்தால் தொடாமல் திரும்பி வந்துவிடுங்கள். தாய் அதைக் கைவிடவில்லை, அங்கேதான் எங்கேயோ மேய்கிறது.

வீடியோவை எங்கே போட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள், இடத்தை மட்டும் போடாதீர்கள். போன் தானாகவே படத்தோடு இடத்தைச் சேர்த்துவிடும், செட்டிங்கில் போய் அணைத்துவிடுங்கள். நல்ல கொம்புள்ள கலைமான் எந்த வேலியோரம் நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும் திருட்டு வேட்டைக்காரர்களுக்கு அது இலவசத் தகவல். அனுமதி கொடுத்த விவசாயி அடுத்த முறை கேட்டைத் திறக்க மாட்டார், உங்களுக்கும் சரி, உங்கள் நண்பருக்கும் சரி.

அப்புறம், உண்ணி. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம், நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். உண்ணிக் கடியால் வரும் லைம் நோயின் வட்டத் தடிப்பு சில வாரம் கழித்தும் வரலாம், கறுத்த தோலில் சிவப்பாகத் தெரியாமலும் போகலாம். தடிப்போ காய்ச்சலோ வந்தால் ஜி.பி.யை, அதாவது உங்கள் குடும்ப மருத்துவரை, பாருங்கள். காலை எட்டு மணிக்கு போனில் வரிசையில் நின்று, ஒருவழியாக வரவேற்பாளர் எடுத்ததும், "களைப்பாக இருக்கிறது" என்று தொடங்காதீர்கள், இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிவிடுவார். மான் இருக்கும் காட்டுக்குப் போனேன், உண்ணி கடித்தது, இன்ன தேதியில் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.