முதல்ல ஈறு, அப்புறம்தான் இம்பிளான்ட்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 54 வயசு, திண்டுக்கல். சுகர் 9 வருஷமா இருக்கு, கடைசியா எடுத்த ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 8.6. காலைல பிரஷ் பண்ணா வாஷ்பேசின்ல ரத்தம் வருது. கீழ் கடைவாய்ப்பல் ஒண்ணு போன வருஷம் ஆடி ஆடி தானா விழுந்துருச்சு, இப்ப பக்கத்து பல்லும் லேசா ஆடுது. டீப் கிளீனிங் பண்ணி ஈறுக்குள்ள மருந்து சிப் வைக்கணும், அப்புறம்தான் இம்பிளான்ட் (எலும்புக்குள்ள டைட்டானியம் திருகு வச்சு மேல கட்டுற பல்)னு பல் டாக்டர் சொல்றார். கிளீன் பண்ணா பல் இன்னும் ஆடும்னு வீட்ல பயப்படுறாங்க. மருந்து தானா கசியுற புது இம்பிளான்ட் வரப்போகுதுன்னு பையன் ஒரு நியூஸ் அனுப்பினான், அதுக்காக வெயிட் பண்ணலாமா? இம்பிளான்ட்ல சொத்தையே வராதுன்றாங்க, அப்ப நேரா அதையே போட்டுக்கலாம்ல?

பதில்: வணக்கம்ங்க. வெயிட் பண்ணாதீங்க. உங்க டாக்டர் சொன்ன வரிசைதான் சரி, அதை மாத்த வேணாம்.

மொதல்ல வீட்ல இருக்கிற பயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்த ஒரு பயத்தாலயே வருஷக்கணக்கா தள்ளிப்போட்டு பல்லை இழந்தவங்களை நான் நிறைய பாக்குறேன். பல்லை தாங்குறது உள்ள இருக்கிற எலும்பு. ஈறுக்கு அடியில காரை படியுது, அதுமேல கிருமி படலமா ஒட்டிக்குது, உடம்பு அதோட சண்டை போடுற சண்டையில எலும்பு கரைஞ்சு இறங்குது. அந்த இடத்தை காரையும் வீங்கின ஈறும் மறைச்சிக்கிட்டு இருக்கும். கிளீன் பண்ணதும் காரை போகும், வீக்கம் வத்தும், சந்து தெரியும், கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும், உடனே கிளீன் பண்ணதாலதான் இப்படி ஆச்சுன்னு தோணும். ஆனா அந்த எலும்பு ஏற்கனவே போயிருச்சுங்க, இப்பதான் நம்ம கண்ணுக்கு தெரியுது, அவ்வளவுதான்.

"அழுக்கு வாய் வச்சிருக்கிறவனுக்கெல்லாம் பல் கெட்டியா இருக்கே, எனக்கு மட்டும் ஏன்"னு கேக்கிறவங்களுக்கு நான் எப்பவும் இலங்கை மலையகத்து ஆராய்ச்சியைத்தான் சொல்லுவேன். 1970ல ஹெரால்ட் லோன்ற நார்வே பல் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் அங்க தேயிலை தோட்டத்துல வேலை செஞ்ச 480 தமிழ் ஆம்பளைங்க வாயை பரிசோதிச்சு, திரும்ப திரும்ப போய் 15 வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. அந்த மக்களுக்கு பல் வைத்தியம்னு எதுவுமே கிடைச்சதில்லை, பிரஷ் பழக்கமும் இல்லை, எல்லார் வாயிலயும் காரை. ஆனாலும் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தை தாண்டி நோய் போகவே இல்லை, 81 சதவீதம் பேருக்கு மெதுவா போச்சு, 8 சதவீதம் பேருக்கு மட்டும் படுவேகமா போய் 45 வயசுக்குள்ள எல்லா பல்லும் கொட்டிருச்சு. உலகம் பூரா ஈறு நோய் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் இன்னிக்கும் அந்த தொழிலாளிங்க வாயில இருந்துதான் பாடம் கத்துக்கிறான், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அதுல உங்களுக்கு என்ன சேதின்னா, கிருமி எல்லார் வாயிலயும் இருக்கு, அதுக்கு உடம்பு எப்படி எதிர்வினை காட்டுதுன்றதுதான் வேகத்தை முடிவு பண்ணுது. 8.6ல இருக்கிற சுகர் உங்க உடம்பை தப்பான பக்கம் தள்ளுது. இது ரெண்டு பக்கமும் வேலை செய்யும், ஈறை சரி பண்ணா மூணு நாலு மாசத்துல ஹெச்பிஏ1சி இருக்கிறதுல இருந்து 0.3, 0.4 குறையுறதை நிறைய ஆராய்ச்சியில பாத்திருக்காங்க.

இப்ப அந்த சிப். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற சந்தைத்தான் நாங்க பாக்கெட்னு சொல்லுவோம், கோடு போட்ட மெல்லிசு கம்பி ஒண்ணை உள்ள விட்டு அளப்போம், 3 மில்லிமீட்டர் வரைக்கும் நார்மல். 5 மில்லிமீட்டர் பாக்கெட்டுக்குள்ள இருக்கிற நீர் ஒரு சொட்டுல சுமார் நூறுல ஒரு பங்குதான் வரும், அதுவும் ஈறுல இருந்து ஊறி ஊறி மணிக்கு சுமார் 40 தடவை மாறிக்கிட்டே இருக்கு. அதனாலதான் மவுத்வாஷ் எவ்வளவு கொப்பளிச்சாலும் ஆழத்துக்கு போறதில்ல, போனாலும் தங்குறதில்ல. 1979ல பாஸ்டன்ல மேக்ஸ் குட்சன்னு ஒருத்தர் டெட்ராசைக்ளின்ற ஆன்டிபயாட்டிக் மருந்து அடைச்ச நாரை பாக்கெட்டுக்குள்ள வச்சு மருந்தை அங்கயே தங்க வைக்கலாம்னு காட்டினார், இன்னிக்கு வர்ற சிப், ஜெல், பொடி எல்லாம் அந்த வழியில வந்ததுதான். உங்களுக்கு சொன்ன சிப் பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின்ற கிருமிக்கொல்லி மருந்து 2.5 மில்லிகிராம் இருக்கிறதா இருக்கும், சுண்டுவிரல் நகத்துல பாதி கூட இருக்காது, ஒரு வாரம் பத்து நாள்ல தானா கரைஞ்சிடும். (நீங்க சைவம்னா முன்னாடியே சொல்லிடுங்க, இது ஜெலட்டின்லயோ மீன்ல இருந்து எடுத்த கொலாஜன்லயோதான் செய்றாங்க.)

ஆனா சிப்பை நம்பி கிளீனிங்கை விட்டுடாதீங்க, கிருமி படலத்தை சுரண்டி எடுக்காம மருந்து வச்சா அது உள்ள இறங்காது. நல்லா கிளீன் பண்ண பிறகும் சிப் கூடுதலா குடுக்கிற லாபம் சராசரியா அரை மில்லிமீட்டருக்கு முன்ன பின்னதான், அதனால எல்லா பல்லுக்கும் வைக்க வேண்டியதில்லை, கிளீன் பண்ணியும் மூடாத பாக்கெட்டுக்கு வச்சா போதும், எந்தெந்த பல்லுக்குன்னு கேளுங்க.

இம்பிளான்ட்ல சொத்தை வராது, உண்மைதான். ஈறு நோய் வரும். ஸ்வீடன்ல பிரோனமார்க்னு ஒரு டாக்டர் 1952ல முயல் எலும்புக்குள்ள டைட்டானியம் வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு திரும்ப எடுக்கப்பாத்தா வரவே இல்லை, எலும்போட எலும்பா பிடிச்சிருந்துச்சு, 1965ல மொத ஆளுக்கு இம்பிளான்ட் வச்சார். எலும்பு அப்படி பிடிக்கும், ஆனா ஈறு பிடிக்காது. சொந்த பல்லுல ஈறு நார் வேருக்குள்ள குத்தி நிக்கும், இம்பிளான்ட்ல சட்டை காலர் மாதிரி சும்மா சுத்தி நிக்கும், கிருமி இறங்கினா தடுக்க ஆள் இல்லை. போன மாசம் ஒருத்தர் வந்தார், இம்பிளான்ட் வச்சு நாலு வருஷம், வலியே இல்லைன்னார், ஈறை விரலால லேசா அழுத்தினேன், ஓரத்துல இருந்து சீழ் வந்துச்சு, எக்ஸ்ரேல பாதி திருகு வரைக்கும் எலும்பு இல்லை. அவருக்கும் சுகர், அவருக்கும் ஈறை சரி பண்ணாமயேதான் வச்சிருந்தாங்க.

பையன் அனுப்பின நியூஸ் பொய் இல்லை. டைட்டானியம் மேல கண்ணுக்கு தெரியாத குழாய் குழாயா உருவாக்கி அதுக்குள்ள மருந்து அடைக்கிறாங்க. சிக்கல் என்னன்னா மருந்துல பெரும்பகுதி மொத சில நாள்லயே கொட்டிடுது, சீழ் பிடிக்கிறதோ வருஷம் கழிச்சு. எலும்புக்குள்ள திருகும்போது மேல்பூச்சு உரியுது, டோஸ் ஏத்தினா எலும்பு செல்லுக்கே ஆகாது. இதுல பெரும்பாலானது இன்னும் லேப்லயும் விலங்குலயும்தான் இருக்கு, உங்க பல் இப்பவே ஆடுது.

கிளீனிங்குக்கு சாப்பிட்டுட்டு, சுகர் மாத்திரை போட்டுட்டு போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க. பிரஷர் மாத்திரை அம்லோடிபின்னா அதையும் சொல்லுங்க, சிலருக்கு அதுவே ஈறை வீங்க வைக்கும். சிகரெட், புகையிலை இருந்தா இன்னிக்கே விடுங்க. பல்லிடுக்குக்குன்னு குட்டி பிரஷ் விக்குது, தினமும் ராத்திரி போடுங்க. 8 வாரம் கழிச்சு பாக்கெட்டை திரும்ப அளக்க சொல்லி, மொத அளவையும் ரெண்டாவது அளவையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வாங்கிக்கோங்க, ரத்தம் நின்னு ஹெச்பிஏ1சியும் 7 பக்கம் வந்தா இம்பிளான்ட் பேச்சை எடுக்கலாம். அதுக்குள்ள அந்த ஆடுற பல்லை பிடுங்கிட்டு சேத்து ரெண்டு இம்பிளான்டா வச்சிரலாம்னு யாராவது சொன்னா இப்பவே சரின்னு சொல்லிடாதீங்க, லேசா ஆடுற பல்லு ஈறு ஆறினதும் திரும்ப இறுகுறதை நான் பல தடவை பாத்திருக்கேன்.