ப்ளூ ஜேஸ் ஜெர்சியோடு பிராங்ஸுக்கு: டிக்கெட் வாங்குமுன்

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது, டொராண்டோவின் பேஸ்பால் அணியான ப்ளூ ஜேஸ் என்றால் உயிர். கோடை விடுமுறையில் நியூயார்க்கில் உறவினர் வீட்டுக்குப் போகிறோம். அந்தச் சமயத்தில் அங்கே பிராங்ஸ் பகுதியில், யாங்கீஸ் அணியின் மைதானமான யாங்கி ஸ்டேடியத்தில் ஜேஸ் ஆடும் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று எண்ணம். நாலு டிக்கெட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எங்களுக்கு வசதி. எப்போது, எந்தப் பக்கம் வாங்கலாம்?

பதில்: ஞாயிறு வேண்டாம், வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு வாங்குங்கள். காரணம் மழை.

டொராண்டோக்காரர்களுக்கு மழை நினைவுக்கே வராது. 1989-இல் திறந்த நாள் முதல் ஜேஸின் மைதானமான ரோஜர்ஸ் சென்டருக்கு மூடித் திறக்கும் கூரை இருக்கிறது. யாங்கி ஸ்டேடியத்துக்குக் கூரை கிடையாது. மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் பணம் திரும்பி வராது. அதே டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும், அவ்வளவுதான். வெள்ளி ஆட்டம் நின்றால் பெரும்பாலும் சனியோ ஞாயிறோ இரண்டு ஆட்டங்களாகச் சேர்த்து ஆடிவிடுவார்கள், நீங்களும் ஊரில் இருப்பீர்கள். ஞாயிறு ஆட்டம் நின்றால் கதை வேறு. அன்றிரவே ஜேஸ் அடுத்த ஊருக்கு விமானம் ஏறிவிடுவார்கள். 2023 முதல் இந்த இரண்டு அணிகளும் ஒரு பருவத்தில் 13 முறைதான் மோதுகின்றன, அதில் நியூயார்க்கில் நடப்பது ஆறோ ஏழோ. உங்கள் ஆட்டம் அவர்கள் மறுபடி அங்கே வரும்போது நடக்கும். அந்தச் செவ்வாயோ புதனோ நீங்கள் ஸ்கார்பரோவில் வேலையில் இருப்பீர்கள், டிக்கெட் போனில் சும்மா கிடக்கும்.

மறுவிற்பனைத் தளத்தில் வாங்கினாலும் இதே நிலைதான். ஆட்டம் அடியோடு ரத்தானால்தான் பணம் திரும்பும். தள்ளிவைப்பு ரத்து ஆகாது. இன்னொன்று: ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து முடிந்த பிறகு (யாங்கீஸ் முன்னிலையில் இருந்தால் நாலரை இன்னிங்ஸ் போதும்) மழையால் நிறுத்திவிட்டால் அது முழு ஆட்டமாகக் கணக்கில் ஏறும். டிக்கெட்டுக்கு அத்தோடு வேலை முடிந்தது.

வெள்ளி இரவைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு, பையனுக்கு அதுதான் முக்கியம். வாயில்கள் ஆட்டத்துக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் முன்பு திறக்கும். பேட்டிங் பயிற்சியில் சொந்த அணிக்கு முதல் வாய்ப்பு, வந்த அணிக்கு இரண்டாவது. ரசிகர்கள் உள்ளே நுழையும்போது யாங்கீஸ் பெரும்பாலும் அடித்து முடித்துக் கிளம்பியிருப்பார்கள், பேட்டிங் பயிற்சிக் கூண்டுக்குள் நிற்பது ஜேஸ். யாங்கீஸ் ரசிகனுக்குத் தன் மைதானத்திலேயே கிடைக்காத காட்சி உங்கள் மகனுக்குக் கிடைக்கும். இரவு ஆட்டம் முடிந்த மறுநாள் பகல் ஆட்டம் என்றால் வீரர்கள் பல சமயம் வெளிப் பயிற்சியையே விட்டுவிடுவார்கள், அதனால் சனி பகலை நம்ப வேண்டாம்.

இனி இருக்கை. வந்த அணியின் டக்கவுட் (வீரர்கள் உட்காரும் இடம்) அங்கே மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடது. பகுதி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 20 என்றால் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால். 21-லிருந்து எண் ஏற ஏற மூன்றாம் பேஸ் பக்கம் போகிறீர்கள். மேல் தளத்தில் 424-ஐ ஒட்டிய பகுதிகள் விலைக்கும் பார்வைக்கும் நியாயமானவை. மாலையில் முதலில் நிழல் விழுவதும் அந்தப் பக்கம்தான். டக்கவுட்டுக்கு ஒட்டிய லெஜண்ட்ஸ் இருக்கைகளின் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், அது நமக்கான கடை இல்லை. அந்த இருக்கைக்கான டிக்கெட் இல்லாதவரை பயிற்சி நேரத்தில்கூட அந்தப் பகுதிக்குள் விடமாட்டார்கள். பயிற்சியைப் பார்க்க அதைத் தாண்டி இடது அவுட்ஃபீல்டு (களத்தின் வெளிப்பகுதி) பக்கம் போய் நில்லுங்கள்.

விலை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். நியூயார்க் மாநிலத்தில் 2022 ஆகஸ்ட் முதலும், அமெரிக்கா முழுவதும் 2025 மே 12 முதலும், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த முழு விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும். முதலில் 38 டாலர் என்று சொல்லிக் கடைசிப் பக்கத்தில் 55 ஆக்கும் தளம் என்றால் அங்கே வாங்காதீர்கள். ஆனால் காட்டுவது அமெரிக்க டாலர் என்பதை மறக்கக் கூடாது. 60 டாலர் வீதம் நாலு டிக்கெட் 240. மாற்று விகிதம் 1.38 என்று வைத்தால் 331 கனடிய டாலர். அதன்மேல் பெரும்பாலான கனடிய கார்டுகள் வெளிநாட்டு நாணயக் கட்டணமாக 2.5 சதவீதம் பிடிக்கும், இன்னொரு எட்டு டாலர். மொத்தம் 340-க்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டம் நெருங்க நெருங்க மறுவிற்பனை விலை இறங்குவது உண்மைதான். ஒற்றை ஆளுக்கு அது நல்ல உத்தி. நாலு இருக்கை ஒரே வரிசையில் வேண்டும் என்கிறவர் கடைசி மணி வரை காத்திருந்தால், இரண்டு இரண்டாகப் பிரிந்து உட்கார வேண்டி வரும்.

கேள்வி: அங்கே ஜேஸ் ஜெர்சி போட்டுப் போனால் வம்பு வருமா? வலது பக்கம் 203-ஆம் பகுதியில் மலிவாக டிக்கெட் கிடைக்கிறது, எடுக்கலாமா?

பதில்: 203-ஐ மட்டும் விட்டுவிடுங்கள். யாங்கீஸின் தீவிர ரசிகர் கூட்டம் உட்காரும் இடம் அது. முதல் இன்னிங்ஸில், பந்தெறிபவரும் கேட்சரும் தவிர, களத்தில் நிற்கும் ஒவ்வொரு யாங்கீஸ் வீரரின் பெயரையும் அவர் திரும்பிக் கையசைக்கும் வரை கோஷமாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். தூரத்திலிருந்து கேட்க அருமை. சாய்மானம் இல்லாத அந்த பெஞ்சில் நீல ஜெர்சியோடு பத்து வயதுப் பையன் உட்கார அது இடமில்லை.

மற்றபடி ஜெர்சியைத் தாராளமாகப் போடுங்கள். 2025 அக்டோபரில் அதே மைதானத்தில் யாங்கீஸை பிளேஆஃபிலிருந்து (பருவக் கடைசி நாக்அவுட் சுற்று) வெளியேற்றியது ஜேஸ்தான், அதனால் கேலி இருக்கும். யாங்கீஸுக்கு ஆடவே மாட்டேன் என்று ஒரு காலத்தில் சொன்ன ஜேஸ் வீரர் குரேரோ ஜூனியர் பேட்டோடு வரும்போது மைதானமே ஊளையிடும். பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவனும் ரசிப்பான். கேலி வசவாக மாறினால் பதில் பேச வேண்டாம், பக்கத்துப் பணியாளரிடம் சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் புகார் செய்யும் எண்ணையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபத்து பெரும்பாலும் இருக்கையில் இல்லை, ஆட்டம் விட்ட பிறகு வெளியே இருக்கிறது. 2011-இல் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடிய வாகன நிறுத்துமிடத்தில், எதிரணியான ஜயண்ட்ஸின் ரசிகர் ஒருவர் அடித்து வீழ்த்தப்பட்டார். 2014-இல் நீதிமன்ற ஜூரி அந்த மைதான நிர்வாகத்துக்கும் ஒரு பங்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. நீங்கள் காரை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு 4-ஆம் எண் ரயிலில் 161-ஆம் தெருவுக்குப் போய்வாருங்கள். நிறுத்துமிடக் காசும் மிச்சம்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நாலு டிக்கெட்டையும் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார், இன்டராக் (கனடிய வங்கிப் பணமாற்று) மூலம் பணம் கேட்கிறார்.

பதில்: ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி உள்ளே போக முடியாது. டிக்கெட் பேஸ்பால் லீக்கின் எம்எல்பி பால்பார்க் செயலியில் இருக்கும், அங்கிருந்து உங்கள் கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும். இன்டராக்கில் அனுப்பிய பணத்தை எதிராளி எடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். நேரில் தெரிந்தவர் என்றால் முதலில் ஒரு டிக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள், அது உங்கள் செயலியில் வந்ததும் அதற்கான பணம், பிறகு அடுத்தது. தெரியாதவர் என்றால் கிரெடிட் கார்டு எடுத்துக்கொள்ளும் தளத்தில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.