ஹோட்டல் அறையின் சாவி அட்டை தொலைந்தால், எடுத்தவர் உள்ளே வந்துவிட முடியுமா?
உடனே ரிசப்ஷனில் சொல்லிவிட்டால் பயமில்லை. புது அட்டை தருவார்கள். அதை ஒருமுறை கதவில் காட்டியதும் பழையது செல்லாது. பல ஹோட்டல்களில் பூட்டுக்கும் ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கும் தொடர்பே கிடையாது. பேட்டரியில் ஓடும் அந்தப் பூட்டு, புது அட்டையிலுள்ள குறியீட்டைப் படித்துத்தான் பழையதைத் தள்ளிவிடுகிறது. அதனால் புது அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே வெளியே கிளம்பிவிடாதீர்கள். முதலில் மேலே போய்க் கதவைத் திறந்து பாருங்கள்.

1970களில் இந்தச் சாவி அட்டையைக் கொண்டுவந்தவர் நார்வேக்காரர் டோர் சோர்னஸ். அவருடையது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் அட்டை. 32 இடங்களில் ஓட்டை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கணக்குப் போட்டால் சுமார் 429 கோடி விதம்! அப்புறம் காந்தப் பட்டை வந்தது, இப்போது செல்போனே சாவி. காந்தப் பட்டை அட்டையை மட்டும் காந்தம் வைத்த போன் உறையில் செருகாதீர்கள். அதிலுள்ள குறியீடு அழிந்துபோய், நள்ளிரவில் லுங்கியோடு ரிசப்ஷனுக்கு இறங்கிப் போனவன் சொல்கிறேன்.